அன்றாட வாழ்வும் சீனமொழிக் கற்றலும்: தமிழ்வழி அணுகுமுறை குறித்த ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

மொழியை வாழ்க்கையே கற்பிக்கும் என்னும் கருத்து பயண நூல்களிலும் மொழிப்பாட நூல்களின் முன்னுரைகளிலும் அடிக்கடி இடம்பெறுகிறது. சந்தையில் பேரம் பேசுதல், உணவகத்தில் உணவு கேட்டல், வண்டியில் பக்கத்து இருக்கையினருடன் உரையாடல் ஆகியவற்றின் வழியே மொழியும் பண்பாடும் தாமாக வந்து சேரும் என்பது இக்கருத்தின் சாரம். சீனமொழியைப் பொறுத்தவரை இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவருக்கு அன்றாட வாழ்வு எவற்றை எளிதில் கற்பிக்கும், எவற்றைக் கற்பிக்காமல் விடும் என்னும் வினாக்களை இக்கட்டுரை ஆராய்கிறது. இவ்வினாக்களுக்கான விடை மொழிபெயர்ப்பாளர்க்கு நேரடிப் பயன் உடையது. சீன இலக்கியமும் சீனப் பெயர்களும் தமிழுக்குப் பெரும்பாலும் ஆங்கிலம் வழியே வந்து சேர்ந்துள்ளன. அவ்வழியில் இழக்கப்படுவன எவை என்பது தெளிவானால்தான் நேரடி வழியின் தேவையும் தெளிவாகும்.

2. அண்டை வாழ்வு மட்டும் போதுமா?

வாழ்க்கை மொழி கற்பிக்கும் என்பதற்குத் தமிழர் நடுவிலேயே வலுவான சான்று உண்டு. கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணியைத் தொடங்கியபின், பாலகாட், சாம்பியன் ரீஃப், நந்திதுர்க்கம் முதலிய சுரங்கங்களைச் சுற்றித் தொழிலாளர் குடியிருப்புகள் எழுந்தன. வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து வந்த தமிழரும் தெலுங்கரும் கன்னட நாட்டில் குடியேறினர். 2001இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை ஒரு நூற்றாண்டிற்கு மேலாக அங்கு வாழ்ந்தோரிடையே தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றை மாறிமாறிப் பேசும் திறன் இயல்பாகவே வளர்ந்தது. பாலகாட் குடியிருப்பில் தெலுங்கு பேசக் கற்ற தமிழர் அதனை இலக்கண நூல் கொண்டு கற்கவில்லை. வேலையிடமும் தண்ணீர்க் குழாயடியும் சந்தையுமே அவர்தம் பள்ளிகள்.

ஆயினும் இச்சான்றைப் பொதுவிதியாக்குமுன் ஒரு நிலையைக் கருத வேண்டும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. அவற்றின் தொடரமைப்பும் எச்ச அமைப்பும் உறவுமுறையும் பெரிதும் ஒத்தவை. இந்தியாவை ஒரு மொழியியற் பரப்பாகக் காட்டிய எமனோவின் கட்டுரை (1956), குப்வார் என்னும் ஊரின் பன்மொழிச் சூழலை ஆராய்ந்த கம்பர்ஸ், வில்சன் ஆகியோரின் ஆய்வு (1971) ஆகியவை, நெடுங்காலம் ஒருங்கு வழங்கும் மொழிகள் அமைப்பிலும் நெருங்குவதை விளக்கியுள்ளன. இத்தகைய சூழலில் கற்போர் பழைய அமைப்பில் புதிய சொற்களை இட்டுப் பேசினாலே பெரும்பாலும் போதும்.

சீனமொழியுடன் தமிழர் கொண்ட தொடர்பு இத்தன்மையது அன்று. சிங்கப்பூரிலும் மலாயாவிலும் தமிழரும் சீனரும் ஒரே தெருவில் பல தலைமுறைகள் வாழ்ந்தனர். ஆனால் அவர்களுக்கிடையே வணிகப் பேச்சுக்குப் பெரிதும் உதவியது சந்தை மலாய். இடைமொழி ஒன்று கைக்கு எளிதாக இருந்தமையால், அண்டை வீட்டாரின் மொழியைக் கற்கும் கட்டாயம் பலருக்கு எழவில்லை.

பொருள் வழிப்பட்ட தொடர்பும் இதனையே காட்டுகிறது. சீனி, சீனக்காரம், சீனவெடி, சீனச்சட்டி என நாட்டின் பெயரைத் தாங்கிய சொற்கள் தமிழில் உள்ளன. பொருள்கள் வந்தன, அவற்றின் சீனப் பெயர்கள் வரவில்லை. தேயிலை, தேநீர் ஆகியவற்றில் உள்ள 'தே' என்பது தென்சீனத்து மின் கிளைமொழிச் சொல். அதுவும் ஐரோப்பிய வணிகர் வழியே பரவியது.

இதற்கு மாறான சான்றுகளும் இல்லாமல் இல்லை. சீனத்தின் சுவான்சௌ துறைமுகத்தில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டின் இறுதியில் சீன எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இலங்கையின் காலியில் 1911இல் கண்டெடுக்கப்பட்ட, 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அமைந்தது. செங் ஹோ தலைமையிலான கடற்பயணத்தோடு தொடர்புடைய இக்கல்வெட்டில் சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரையும், பாரசீகப் பகுதி இசுலாமிய மரபையும் போற்றுகின்றன. காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்துள்ளன. ஒன்றன் மொழிபெயர்ப்பாக மற்றொன்றைக் கொள்ள இயலாத இணைப் பனுவல்கள் இவை. யாருக்கு எம்மொழியில் எதனைச் சொல்ல வேண்டும் என்பதை அறிந்தவர்கள் இக்கல்லை உருவாக்கினர் என்பது தெளிவு. இடைமொழி இன்றி இரு மொழிகளையும் கையாண்ட மரபு ஒன்று அக்காலத்தில் இருந்தது என இதனால் உணரலாம்.

3. பயணி கேட்கும் ஒலி

சீனத்தில் காலடி வைக்கும் தமிழர் முதலில் எதிர்கொள்வது ஒலிச் சிக்கல். பொதுச் சீனமொழியில் நான்கு தொனிகளும் ஒரு மென்தொனியும் உண்டு. 'மாய்' என்பதை மூன்றாந் தொனியில் ஒலித்தால் 'வாங்கு' என்றும், நான்காந் தொனியில் ஒலித்தால் 'விற்பனை செய்' என்றும் பொருள்படும். 'தாங்' என்பதன் முதல் தொனி வடிவம் சாறு வகை உணவையும், இரண்டாந் தொனி வடிவம் சர்க்கரையையும் குறிக்கும். சந்தையிலும் உணவகத்திலும் ஏற்படும் தடுமாற்றங்கள் தொனியின் இன்றியமையாமையைக் கற்பவருக்கு உடனே உணர்த்திவிடுகின்றன. இவ்வகையில் அன்றாட வாழ்வு சிறந்த ஆசான் எனலாம்.

ஆனால் தொனியைவிட நுட்பமான மற்றொரு வேறுபாடு கவனத்திற்கு வராமலே போகிறது. சீனத்தின் வெடிப்பொலிகள் ஒலிப்புடைமை, ஒலிப்பின்மை என்னும் அடிப்படையில் வேறுபடுவதில்லை; மூச்சுடைமை, மூச்சின்மை என்னும் அடிப்படையில் வேறுபடுகின்றன. 1958இல் ஏற்கப்பட்ட பின்யின் என்னும் உரோம எழுத்துமுறையில் 'பஸ்' என்பதன் முதலெழுத்தாக ஆங்கிலத்தில் வரும் எழுத்து, மூச்சற்ற, ஒலிப்பற்ற பகரத்தைக் குறிக்கும். இது 'பல்', 'பழம்' முதலியவற்றின் மொழிமுதல் பகரத்திற்கு மிக நெருங்கியது. தகரமும் ககரமும் அவ்வாறே. அதாவது, தமிழர்க்குப் பிறப்பிலேயே வாய்த்த ஒலி சீனத்தில் உள்ளது. ஆனால் ஆங்கில எழுத்தை ஆங்கில ஒலியோடு படிக்கும் பழக்கத்தால் அவர் அதனை ஒலிப்புடைய ஒலியாக மாற்றிவிடுகிறார்.

மூச்சுடைய இணையொலி தமிழில் இல்லை. இதன் விளைவைச் சீன ஆசிரியர்கள் அயல்நாட்டு மாணவர்க்குக் காட்டும் ஒரு தொடரிணை நன்கு விளக்கும். 'வயிறு நிறைந்துவிட்டது' என்பதும் 'முயல் ஓடிவிட்டது' என்பதும் தொனியில் வேறுபாடு சிறிதும் இன்றி, தகர பகரங்களின் மூச்சு ஒன்றினாலேயே வேறுபடுகின்றன. தமிழ் எழுத்தில் இரண்டும் 'தூஸ பாவ் ல' என ஒன்றாகவே முடியும். உண்டு முடித்த விருந்தினர் தம் வயிற்றைப் பற்றிப் பேசுகிறாரா, முயலைப் பற்றிப் பேசுகிறாரா என்பதனை எழுத்து காட்டாது. வீட்டாரும் சூழல் கொண்டு பொருளை உணர்ந்து, பிழையைத் திருத்தாமல் விட்டுவிடுவர். பிழை பொருள்மயக்கம் தராத இடங்களில் அன்றாட வாழ்வு திருத்துவதில்லை என்பது இங்குக் கருதத்தக்கது.

மற்றொரு புறம், 'மனிதர்' என்னும் பொருளுடைய சொல்லின் முதலொலியை ஆங்கிலம் வழிக் கற்றோர் 'ரென்' என்றோ 'ஜென்' என்றோ ஒலிக்கின்றனர். நாவை வளைத்து ஒலிக்கும் அவ்வொலி ழகரத்திற்கு அண்மையது. ழகரம் தமிழில் மொழிமுதலாகாது என்பதால் 'ழென்' என எழுதுதல் கண்ணுக்குப் புதிது. ஆனால் வாய்க்குப் புதிது அன்று.

ஒலிபெயர்ப்பில் ஒழுங்கின்மை ஏற்பட்டதற்கும் இந்த ஆங்கில வழியே காரணம். ஏழாம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்த சீனத் துறவி தமிழ் நூல்களில் யுவான் சுவாங், ஹியூன் சாங், சுவான்சாங் என மூன்று பெயர்களில் உலவுகிறார். இவை மூன்றும் ஐரோப்பியர் வெவ்வேறு காலங்களில் பயன்படுத்திய உரோம எழுத்து வடிவங்களின் நிழல்கள். தலைநகரின் பெயரும் பீக்கிங், பீஜிங், பெய்ஜிங் என மாறியுள்ளது.

இதற்குத் தமிழ் அச்சு மரபிலேயே ஒரு தீர்வு உள்ளது. வடமொழித் தோத்திர நூல்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுவோர் வருக்க எழுத்துகளை மேலெண் இட்டு வேறுபடுத்துவர். இரண்டு என்னும் மேலெண் மூச்சுடைய வல்லினத்தைக் குறிக்கும். பாடநூல், அகராதி ஆகியவற்றில் மட்டும் இம்முறையைச் சீனத்திற்கும் கொள்ளலாம். 'நிறைதல்' என்பதனைப் பாவ் என்றும், 'ஓடுதல்' என்பதனைப் பா²வ் என்றும் எழுதினால் மயக்கம் நீங்கும். தொனியைச் சொல்லிறுதியில் இயல்பான எண்ணால் குறிக்கலாம். செய்தித்தாளுக்கும் கதை மொழிபெயர்ப்புக்கும் இக்குறிகள் வேண்டியதில்லை. அங்கு ஒரே பெயரை ஒரே வடிவில் எழுதும் ஒழுங்கு இருந்தால் போதும்.

4. தமிழ் அமைப்பு தரும் உதவி

இலக்கணத்தில் நிலை வேறு. சீனம் எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்னும் வரிசையை உடையது. வினை விகுதிகள் அற்றது. மேற்போக்காக நோக்குவோர் அது ஆங்கிலத்திற்கு நெருக்கமானது என்பர். அன்றாடப் பேச்சைக் கூர்ந்து கேட்பவர்க்கு வேறு ஒற்றுமைகள் புலப்படும்.

முதலாவது, பெயரடைத் தொடர். 'ட்சுவோதியென் லாய் த ழென்' என்பதனைச் சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'நேற்று வந்த மனிதர்' என வரும். தமிழின் பெயரெச்சம் போலவே அடை முழுவதும் பெயருக்கு முன் நிற்கிறது. இரண்டாவது, வினா. தொடரின் இறுதியில் 'மா' சேர்த்தால் வினாவாகும். தமிழின் ஆகார ஈறு போல்வது. மூன்றாவது, தன்மைப் பன்மை. வடசீனப் பேச்சில் கேட்போரை உளப்படுத்தும் 'ட்சான்மென்' என்பதும் 'வோமென்' என்பதும் நாம், நாங்கள் என்னும் வேறுபாட்டிற்கு இணையானவை. தென்பகுதியினர் பலர் 'வோமென்' என்பதனையே இரு பொருளிலும் ஆள்வர். நான்காவது, மரியாதை வடிவம். 'நீ' என்பதற்கு உயர்வு வடிவமாக 'நின்' உள்ளது. சீன 'நீ' தமிழ் 'நீ' போலவே ஒலிப்பதும் பொருள்படுவதும் தற்செயல். இதனை இனத்தொடர்புச் சான்றாகக் கொள்வது தவறு.

வினைநிலையை உணர்த்தும் 'ல' என்னும் இடைச்சொல் குறிப்பிடத்தக்கது. மழை தொடங்கியதும் சீனர் 'சியா யூ ல' என்பர். ஆங்கில வழிப் பாடநூல் இதனை 'மழை பெய்கிறது' என விளக்கும். தமிழர் அந்நேரத்தில் இயல்பாகக் கூறுவது 'மழை வந்துவிட்டது' என்பதே. நிலைமாற்றத்தை உணர்த்தும் 'விடு' என்னும் துணைவினை இங்கு 'ல' செய்யும் பணியைச் செய்கிறது. அழைத்தவர்க்கு விடையாக, இன்னும் வந்து சேராதவர் 'லாய் ல' எனக் கூறுவதும், தமிழர் 'இதோ வந்துவிட்டேன்' எனக் கூறுவதும் ஒரே மனப்பாங்கின. எல்லா இடத்தும் இவ்விணை பொருந்தாது; எனினும் தொடக்க நிலையில் ஆங்கில இறந்தகால விளக்கத்தைவிட இது பயனுடையது.

வழக்காற்றிலும் இத்தகைய நெருக்கம் உண்டு. 'சாப்பிட்டாயிற்றா?' என்பதை நலம் உசாவும் சொல்லாகக் கொள்ளும் மரபு இரு மொழிக்கும் பொது. விடைபெறும் விருந்தினரிடம் 'மெதுவாகச் செல்க' எனச் சீனர் கூறுவதைத் தமிழில் 'பார்த்துப் போங்கள்' எனலாம். ஓட்டுநர், சமையற்காரர், பழுதுபார்ப்பவர் ஆகியோரைச் சீனர் 'ஷிஃபு' என விளிப்பர். தொழில் தேர்ந்தவர் என்னும் மதிப்பு அச்சொல்லில் உள்ளது. ஆங்கிலத்தில் இதற்கு நேர்ச்சொல் இல்லை. பாலகாட் போன்ற தொழிலூர்களில் பழகியோர்க்கு 'மேஸ்திரி' என்னும் விளி உடனே நினைவுக்கு வரும்.

5. உறவுச் சொற்கள்: நெருக்கமும் மயக்கமும்

உறவுச் சொற்களில் இந்நெருக்கம் உச்சம் அடைகிறது. பிழைக்கு இடமும் அங்கேயே மிகுதி. அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்னும் நால்வகைப் பகுப்பு சீனத்திலும் உண்டு. தந்தையின் தமையனும் தம்பியும் பெரியப்பா, சித்தப்பா என்பனபோல் வெவ்வேறு சொற்களால் குறிக்கப்படுவர். தாய்மாமனுக்கும் அத்தைக்கும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. அறிமுகமில்லாதவரையும் வயதுக்கேற்ப உறவுப் பெயரால் விளிக்கும் வழக்கமும் ஒத்தது. சீனக் குடும்பத்தில் தங்கும் தமிழர், ஆங்கிலேயர் பல மாதங்களில் கற்பதைச் சில நாள்களில் கற்றுவிடுவதாக எண்ணக்கூடும்.

அவ்வெண்ணம் அடுத்த தலைமுறையை எட்டியவுடன் தகர்கிறது. தந்தையின் உடன்பிறந்த ஆண்களின் மக்கள் சீனத்தில் 'தாங்' என்னும் அடை பெறுவர். அத்தை மக்கள், மாமன் மக்கள், சித்தி பெரியம்மா மக்கள் ஆகிய மூவகையினரும் 'பியாவ்' என்னும் அடையின் கீழ் அடங்குவர். இது குலவழி அடிப்படையிலான பகுப்பு. தமிழ்ப் பகுப்பின் அடிப்படை மணவுறவு. சித்தப்பா மக்களும் சித்தி மக்களும் உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர். அத்தை மக்களும் மாமன் மக்களும் முறையானவர். ஆகவே சித்தி மகளையும் அத்தை மகளையும் தமிழ் எதிரெதிர் வகைகளில் வைக்க, சீனம் ஒரே வகையில் வைக்கிறது.

பதினெட்டாம் நூற்றாண்டில் ட்சாவ் சுவேச்சின் இயற்றிய 'சிவப்பு மாளிகைக் கனவு' என்னும் பெருங்கதையின் மையம் இவ்வேறுபாட்டின்மேல் அமைந்துள்ளது. தலைவன் பாவ்யூ விரும்பும் தாய்யூ அவனுடைய அத்தை மகள். குடும்பத்தார் அவனுக்கு மணம் முடிக்கும் பாவ்சாய் அவனுடைய தாயின் உடன்பிறந்தாள் மகள். சீன வாசகர்க்கு இருவரும் 'பியாவ்' உறவினரே. இருவருள் யாரையும் அவன் மணத்தல் அக்கால வழக்கிற்கு உடன்பாடே. மக்கள் சீனத்தின் 1980ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் நெருங்கிய இரத்த உறவு மணங்களைத் தடை செய்தது பின்னைய நிகழ்ச்சி.

தமிழ் வாசகர்க்கோ தாய்யூ உரிமைப் பெண்; பாவ்சாய் தமக்கை முறையினள். இக்கதையை ஆங்கிலம் வழி மொழிபெயர்ப்பவர் இருவரையும் 'ஒன்றுவிட்ட சகோதரி' என எழுத நேரும். அவ்வாறு எழுதினால் தாய்யூவின் காதல் முறையற்றதாகத் தோன்றும். சீனத்திலிருந்து நேரே மொழிபெயர்ப்பவர்க்கும் இடர் உண்டு. மூலத்தில் பாவ்யூ, பாவ்சாயை அக்காள் என்றும் தாய்யூவைத் தங்கை என்றும் வயது நோக்கி விளிக்கிறான். அவ்விளிகளை அப்படியே தமிழில் பெய்தால் கதை முழுவதும் திரிந்துவிடும். மாறாக 'அத்தை மகள்', 'சித்தி மகள்' எனத் தமிழ் முறைப்படி எழுதினால், மூலத்தில் இல்லாத ஓர் அறக்குற்றச்சாட்டு பாவ்சாயின் திருமணத்தின்மேல் ஏறும். விளிகளில் பெயரை மட்டும் பயன்படுத்துதல், சீன உறவுப் பகுப்பை முன்னுரையில் விளக்குதல், உறவைச் சுட்டியே ஆகவேண்டிய இடங்களில் தாய்வழி, தந்தைவழி என விரித்துரைத்தல் ஆகியன ஓரளவு ஏற்கத்தக்க வழிகள்.

இம்மயக்கத்தை அன்றாட வாழ்வு தானாகத் தீர்க்காது. சீனக் குடும்பத்தார் எவரும் இதனை விளக்க முற்படார். அவர்க்கு அது விளக்கம் வேண்டாத இயல்பு. 'இவர் கட்டிக்கொள்ளும் முறையா?' என்னும் வினா தமிழர் உள்ளத்திலிருந்தே எழவேண்டும். ஆங்கில வழிப் பாடநூலில் அவ்வினாவுக்கு இடமே இல்லை.

6. இதுவரையான முயற்சிகள்

சீன வானொலி 1963 ஆகஸ்டு 1ஆம் நாள் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கியது. தமிழ்ப் பெயர் பூண்ட சீன அறிவிப்பாளர்கள் தமிழகத்து நேயர் மன்றங்களின் வாயிலாக அறிமுகமாயினர். அவர்களுள் ஒருவரான கலைமகள் எழுதிய 'சீனாவில் இன்ப உலா' என்னும் பயண நூல், சீனர் ஒருவர் தம் நாட்டைத் தமிழிலேயே அறிமுகம் செய்யும் அரிய முயற்சி. இந்தியத் தூதரகப் பணியில் பெய்ஜிங்கில் வாழ்ந்து சீனம் கற்ற ஸ்ரீதரன் மதுசூதனன், 'பயணி' என்னும் புனைபெயரில் 'சீன மொழி: ஓர் அறிமுகம்' (2004) என்னும் நூலை வெளியிட்டார். சீனத்தின் தொன்மையான பாடல் தொகுப்பாகிய ஷிஜிங்கிலிருந்து தேர்ந்த பாடல்களை 'வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை' (2012) என்னும் நூலாக நேரடியாகத் தமிழாக்கினார்.

305 பாடல்கள் கொண்ட அத்தொகுப்பிற்குக் 'கவித்தொகை' எனத் தமிழ்ப்பெயர் இட்டுச் சங்க இலக்கியத்தோடு இணைத்துக் காட்டியது துணிவான தேர்வு. இயற்கைக் காட்சியொன்றை முன்வைத்து அதன்பின் மாந்தர் உணர்வைக் கூறும் சீன மரபை, உள்ளுறையும் இறைச்சியும் பயின்ற வாசகர் விரைந்து உணர்வர். ஆனால் திணை என்னும் ஒழுங்கு சீனப் பாடல்களுக்கு இல்லை. சங்க இலக்கியம் என்னும் பெயர் அவ்வொழுங்கையும் எதிர்பார்க்கச் செய்யும். உறவுச் சொற்களில் கண்ட அதே நிலை இங்கும் உள்ளது: நெருக்கம் வாயிலைத் திறக்கிறது, வேறுபாட்டை வாசகர்க்கு உணர்த்தும் கடமை மொழிபெயர்ப்பாளரையே சாரும்.

7. முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. அன்றாட வாழ்வும் பயணமும் தொனி, விளி, வழக்காறு ஆகியவற்றை விரைந்து கற்பிக்கின்றன. மூச்சொலி வேறுபாடு, உறவுப் பகுப்பின் அடிப்படை ஆகியவற்றை அவை கற்பிப்பதில்லை. ஏனெனில் முன்னதில் பிழை வெளிப்படுவதில்லை, பின்னதில் ஒற்றுமை கண்ணை மறைக்கிறது. கோலார் தங்கவயல் போன்ற பன்மொழிச் சூழலில் மொழிகளின் பொது அமைப்பு செய்த பணியைச் சீனத்தைப் பொறுத்தவரை தமிழ்–சீன ஒப்பாய்வின் அடிப்படையில் எழுதப்படும் பாடநூல்களே செய்ய வேண்டும். ஆங்கில வழி நூல்களைத் தமிழாக்கினால் அப்பணி நிறைவேறாது. சீர்மையான ஒலிபெயர்ப்பு முறை, தமிழ்–சீன உறவுச்சொல் அட்டவணை, 'ல' முதலிய இடைச்சொற்களைத் தமிழ்த் துணைவினைகளோடு ஒப்பிடும் சிற்றிலக்கணம் ஆகிய மூன்றும் உடனடித் தேவைகள். இவை கையில் இருந்தால், சீனத் தெருவில் நடக்கும் தமிழ்ப் பயணி தாம் கேட்பதில் எது தம் மொழிக்கு உறவானது, எது உறவுபோல் தோன்றுவது எனப் பிரித்தறிய இயலும்.